டிஸ்க்கைச் சுத்தம் செய்த பின் கம்ப்யூட்டர் மெதுவாகத் துவங்குகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தெரிந்தவர் யாராவது தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. “மாதம் ஒரு முறை டிஸ்க் கிளீனப் செய்து, டிபிராக் ஓட்டி விடுங்கள். மெஷின் பறக்கும்.” நாமும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேவையற்ற பைல்களை எல்லாம் நீக்கி, டிபிராக் ஓட்டி, எர்ரர் செக்கிங்கும் செய்து முடிக்கிறோம். மறுநாள் சுவிட்சைப் போட்டால், ஒரு நிமிடத்தில் வந்து கொண்டிருந்த டெஸ்க்டாப் நான்கு நிமிடம் கழித்துத்தான் வருகிறது. ஏன் இப்படி?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை சாதாரணமானவை, சில தாமாகவே சரியாகி விடும். ஒன்று மட்டும் ஆபத்தானது. அது எது என்று தெரியும் வரை, “இன்னொரு முறை டிபிராக் செய்து பார்ப்போம்” என்று மட்டும் இறங்கி விடாதீர்கள்.

எந்த இடத்தில் நிற்கிறது?

“ஸ்லோவாக இருக்கிறது” என்று சொன்னால் மெக்கானிக்குக்கும் புரியாது, நமக்கும் புரியாது. மொபைல் போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக் கொண்டு கம்ப்யூட்டர் முன் அமருங்கள். சுவிட்ச் போட்டதிலிருந்து விண்டோஸ் சின்னம் வரும் வரை எத்தனை விநாடி, சின்னத்திலிருந்து லாக் இன் திரை வரை எத்தனை, டெஸ்க்டாப் வந்த பின் மவுசுக்குக் கட்டுப்படும் வரை எத்தனை என மூன்று அளவுகளையும் தனித்தனியே குறித்து வையுங்கள். ஒரு முறை பார்த்தால் போதாது. மூன்று முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஷட் டவுன் செய்துதான் துவக்க வேண்டும். ரீஸ்டார்ட் வேறு, ஷட் டவுன் வேறு. அதைப் பிறகு பார்க்கலாம்.

சின்னம் வருவதற்கு முன்பே நிற்கிறது என்றால் விண்டோஸ் மீது குற்றமில்லை. அது இன்னும் வேலையைத் துவங்கவே இல்லை. பென் டிரைவ் ஏதேனும் செருகியபடி இருக்கிறதா என முதலில் பாருங்கள். பல கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து பூட் ஆக முயன்று காலத்தைக் கடத்தும். இல்லை என்றால், பயாஸ் ஹார்ட் டிஸ்க்கைக் கூப்பிட்டு அது பதில் தராமல் இருக்கலாம். அது கெட்ட அறிகுறி. விண்டோஸ் 7-க்குப் பின் வந்த பதிப்புகளில் “ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்” என்ற வரி வந்து நின்றால் அது இன்னொரு கதை. சின்னத்துக்குக் கீழே வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தால் மூன்றாவது கதை.

ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் போல்டருக்குள் பிரிபெச் என்று ஒரு போல்டர் உண்டு. கம்ப்யூட்டர் துவங்கும்போது எந்தெந்த பைல்கள், எந்த வரிசையில் தேவைப்பட்டன என்று விண்டோஸ் குறித்து வைக்கும் இடம் அது. அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்து, கேட்பதற்கு முன்பே பைல்களைப் படித்துத் தயாராக வைத்து விடும். “பிரிபெச் போல்டரைக் காலி செய்தால் வேகம் கூடும்” என்ற டிப்ஸ் இருபது ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. சில கிளீனர் சாப்ட்வேர்களிலும் இதற்கென ஒரு டிக் கட்டம் இருக்கிறது. விளைவு நேர் எதிரானது. குறிப்பு அழிந்து விட்டதால், அடுத்த சில முறை விண்டோஸ் ஒவ்வொன்றையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

தேடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? லேப்டாப்களில் வரும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 11 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி. ஹெட் அந்த டிராக்குக்கு நகர ஏறத்தாழ 12 மில்லி விநாடி. ஆக ஒரு துண்டைப் படிக்க 17 அல்லது 18 மில்லி விநாடி. விண்டோஸ் துவங்க அங்கும் இங்குமாக 3,000 துண்டுகள் படிக்க வேண்டும் என்று வைத்துக் கொண்டால், தேடுவதற்கு மட்டுமே 50 விநாடிக்கு மேல் போய் விடுகிறது. சாலிட் ஸ்டேட் டிரைவ் எனப்படும் எஸ்எஸ்டி-யில் சுற்றும் தட்டே இல்லை. அங்கே இந்தக் கணக்கு ஒரு விநாடிக்குள் முடிந்து விடும்.

எனவே பிரிபெச் அழிக்கப்பட்டிருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். ஐந்தாறு முறை வழக்கம் போல் துவக்கிப் பயன்படுத்துங்கள். குறிப்புகள் மீண்டும் சேர்ந்து வேகம் திரும்பி விடும்.

ஹைபர்நேஷன் பைலை அழித்தீர்களா?

புதிய கம்ப்யூட்டர்களில் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. நாம் ஷட் டவுன் செய்யும்போது, விண்டோஸின் உள் பகுதி முழுவதுமாக நிறுத்தப்படுவதில்லை. அதன் நிலை ஹைபர்பில் என்ற பெரிய பைலில் எழுதி வைக்கப்படுகிறது. அடுத்த நாள் அந்த பைலைப் படித்து விட்ட இடத்திலிருந்து எழுந்து விடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் எல்லாம் முதலிலிருந்து துவங்கும். ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும் வேறு என்று மேலே சொன்னது இதனால்தான்.

சி டிரைவில் இடம் இல்லை என்றவுடன் பலரும் பார்ப்பது “ஒரே கட்டளையில் பல ஜிபி இடம் கிடைக்கும்” என்ற வீடியோவைத்தான். அந்தக் கட்டளை ஹைபர்நேஷனை நிறுத்தி ஹைபர்பில் பைலை நீக்குகிறது. இடம் கிடைப்பது உண்மை. கூடவே பாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய் விடும் என்பதை வீடியோவில் சொல்வதில்லை.

சரி பார்க்க, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, இடப்பக்கம் உள்ள “சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ” என்பதில் கிளிக் செய்திடவும். அங்கே “டர்ன் ஆன் பாஸ்ட் ஸ்டார்ட்டப்” என்ற வரி இருக்கிறதா? இருந்து டிக் இல்லாமல் இருந்தால், மேலே உள்ள “சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவெய்லபிள்” என்பதில் கிளிக் செய்து, பின் டிக் செய்து சேவ் செய்திடவும். அந்த வரியே இல்லை என்றால் ஹைபர்நேஷன் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஸ்டார்ட் மெனு தேடல் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை அடித்து, வரும் கமாண்ட் பிராம்ப்ட் மீது ரைட் கிளிக் செய்து “ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்” தேர்ந்தெடுக்கவும். கறுப்புத் திரையில் பவர்சிஎப்ஜி (பி, ஓ, டபிள்யு, இ, ஆர், சி, எப், ஜி) என இடைவெளி இன்றி அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடும் எச்-சும், மீண்டும் இடைவெளி விட்டு ஓ, என் என அடித்து என்டர் தட்டவும்.

ஒரு விதிவிலக்கு. ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருப்பவர்கள் பாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தே வைப்பது நல்லது. பாதித் தூக்கத்தில் இருக்கும் டிரைவில் லினக்ஸ் வழியாக எழுதினால் பைல்கள் கெட வாய்ப்பு உண்டு. அவர்களுக்குச் சில விநாடி தாமதம் நஷ்டமே அல்ல.

ஒவ்வொரு நாளும் டிஸ்க் சோதனையா?

மலைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது பழகிய திரை. கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். அதன் மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காற்று, மழை என்றால் மின்சாரம் போய் விடும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரும், பேட்டரி செத்துப் போன லேப்டாப்பும் அப்போது ஒன்றுதான். சட்டென்று அணைந்து விடும்.

எழுதிக் கொண்டிருந்த வேலை பாதியில் நின்றால், அந்த டிரைவின் மேல் விண்டோஸ் ஒரு அடையாளம் வைத்திருக்கும். இதற்கு டர்ட்டி பிட் என்று பெயர். “இந்த டிரைவை நம்பாதே, சோதித்து விட்டுப் பயன்படுத்து” என்பது அதன் பொருள். அடுத்த முறை துவங்கும்போது செக்டிஸ்க் தானாக ஓடும். முடித்து விட்டால் அடையாளம் நீங்கி விடும். நம்மில் பலர், எண்ணிக்கை குறைந்து கொண்டு வரும்போதே ஏதாவது ஒரு கீயைத் தட்டி அதைத் தாண்டி விடுகிறோம். அடையாளம் அப்படியே இருக்கிறது. மறுநாளும் அதே திரை.

அடையாளம் இருக்கிறதா என்று அறிய, முன்பு சொன்னபடி அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எப்எஸ்யுடில் (எப், எஸ், யு, டி, ஐ, எல்) என அடித்து, இடைவெளி விட்டு டர்ட்டி, மீண்டும் இடைவெளி விட்டு குவெரி, பின் சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் அடித்து என்டர் தட்டவும். “இஸ் நாட் டர்ட்டி” என்று வந்தால் கவலை இல்லை. “இஸ் டர்ட்டி” என்று வந்தால், மின்சாரம் நிலையாக இருக்கும் ஒரு நேரத்தில், லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டி, செக்டிஸ்க்கை முழுமையாக ஓட விடுங்கள்.

இந்தத் திரை வராமல் இருக்க செக்என்டிஎப்எஸ் கட்டளை மூலம் சோதனையையே நிறுத்தி விடும் வழி ஒன்றையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாய் குரைக்கிறது என்று நாயைக் கட்டிப் போடுவது போன்றது அது. திருடன் வந்திருக்கிறானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சோதனை முழுமையாக முடிந்த பிறகும், மின்சாரம் போகாமலேயே இரண்டு நாளில் மறுபடி “டர்ட்டி” என்று வந்தால், திருடன் வந்து விட்டான் என்று பொருள். அதாவது டிஸ்க்கே கெட்டுக் கொண்டிருக்கலாம்.

அந்த ஆபத்தான காரணம்

கச்சிராயபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இப்படித்தான் கேட்டார். “தம்பி, சுத்தம் பண்ணா வேகமாகும்னுதானே சொன்னாங்க? டிபிராக் போட்டதுல இருந்து ஆறு நிமிஷம் ஆகுது. இன்னொரு தடவ போட்டுரட்டுமா?” மலையிலிருந்து இறங்கி வருபவர்களின் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நிலப் பத்திரம் எல்லாம் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தார். “எதையும் போடாதீங்கண்ணே. முதல்ல பென் டிரைவ் எடுங்க” என்றேன்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு செக்டார் பலவீனமானால் அது உடனே “எர்ரர்” என்று கத்தாது. மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். ஒரு செக்டாருக்குப் பல விநாடிகள் கூடப் போகலாம். அந்த நேரத்தில் விண்டோஸ் கை கட்டிக் காத்திருக்கும். நமக்குத் தெரிவது “ஸ்லோ” என்பது மட்டும்தான். இதற்கும் டிபிராக்குக்கும் என்ன தொடர்பு? டிபிராக் என்பது ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படித்து, வேறு இடத்தில் எழுதும் வேலை. மாதக்கணக்கில் யாரும் தொடாத பகுதிகளை எல்லாம் அது தொடுகிறது. நன்றாக இருக்கும் டிஸ்க் இதைத் தாங்கும். ஏற்கனவே நோயுற்ற டிஸ்க்குக்கு இது மலையேற்றம். நோய் முன்பே இருந்தது. டிபிராக் அதை வெளியே கொண்டு வந்தது.

இதை உறுதி செய்ய கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச ஜப்பானிய சாப்ட்வேர் போதும். ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதிக் கொண்டு வருகிறது. இந்த சாப்ட்வேர் அதைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. நிறத்தோடு நிற்காமல் கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப் போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது சரி செய்ய முடியாதவை. மூன்றின் “ரா வேல்யூஸ்” பகுதியும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அங்கே தெரியும் எண்கள் ஹெக்ஸாடெசிமல் முறையில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 10 என்று இருந்தால் பதினாறு. பங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு பீச்சர் சென்று இதைச் சாதாரண எண்ணாக மாற்றிக் கொள்ளலாம்.

மூன்றும் பூஜ்யமாக இருந்து, சி7 என்ற வரியில் மட்டும் எண் ஏறிக் கொண்டே போனால் மகிழ்ச்சி அடையலாம். பெரும்பாலும் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே உள்ள கேபிள்தான் சரியில்லை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் புதிய சாட்டா கேபிள் மாற்றினால் வேலை முடிந்தது.

05, சி5, சி6 ஆகியவற்றில் எண் வந்திருந்தால் எவ்வளவு அவசரம்? கூகுள் நிறுவனம் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்க்குகள், பிழை இல்லாதவற்றை விட, அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் சொல்லப்பட்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேலானவற்றில், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்று கூட முன்பே தெரியவில்லை. எனவே மஞ்சள் வந்தால் நம்புங்கள். நீலம் வந்தால் முழுவதுமாக நம்பி விடாதீர்கள்.

இந்த நிலையில் டிபிராக் வேண்டாம். செக்டிஸ்க்கில் கெட்ட செக்டார்களைத் தேடும் வகையும் வேண்டாம். 500 ஜிபி டிஸ்க்கை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் முழுவதும் படித்தாலே 5,000 விநாடி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நோயுற்ற டிஸ்க்கில் அது இரவு முழுவதும் ஓடும். மலையில் இரவு முழுவதும் கரண்ட் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முதல் வேலை காப்பி எடுப்பதுதான். அதிலும் சினிமா, பாட்டு எல்லாம் கடைசியில். சான்றிதழ்கள், கணக்குகள், குடும்பப் படங்கள் முதலில். போல்டர் முழுவதையும் ஒரே தடவையில் இழுத்துப் போடாமல் சிறிது சிறிதாகக் காப்பி செய்யுங்கள். ஒரு பைலில் நின்று விட்டால் ஸ்கிப் கொடுத்து அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்து விடுங்கள். அதன் பின் ஒவ்வொரு முறை சுவிட்ச் போடுவதும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். பிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்டுக் கொண்டு சிரித்து விடுங்கள். உள்ளே ஈரம் படிந்தால் மிச்சமும் போய் விடும்.

அந்த அண்ணனின் டிஸ்க்கில் சி5 இரட்டை இலக்கத்தில் இருந்தது. இரண்டு பென் டிரைவ், ஒரு மாலை. நிலப் பத்திரங்கள் அனைத்தும் வந்து விட்டன. ஒரு போல்டரில் இருந்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள் சில மட்டும் திறக்கவில்லை. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மீண்டும் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் அதற்காக மலையிலிருந்து பஸ் ஏறி இறங்கி, ஒரு நாள் கூலியை விடுபவருக்குத்தான் அந்தக் காப்பியின் அருமை தெரியும்.

குற்றம் விண்டோஸ் மீதும் இருக்கலாம்

எப்போதும் நம் தவறோ டிஸ்க்கின் தவறோ என்று சொல்ல முடியாது. 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், டிரைவ்களை ஆப்டிமைஸ் செய்யும் பகுதி, கடைசியாக எப்போது செய்தோம் என்பதை ரீஸ்டார்ட் ஆனவுடன் மறந்து விட்டது. தேவையே இல்லாமல் மீண்டும் மீண்டும் ஓடியது. பின்னர் வந்த அப்டேட்டில் சரி செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த கேபி 4592438 என்ற அப்டேட் இன்னும் மோசம். அதை நிறுவிய சில கம்ப்யூட்டர்களில் செக்டிஸ்க்கைப் பிழை திருத்தும் வகையில் ஓட்டியவுடன் பைல் அமைப்பே கெட்டு, விண்டோஸ் துவங்கவில்லை. மைக்ரோசாப்ட் அதை ஒப்புக் கொண்டு தீர்வும் வெளியிட்டது. அப்டேட் வந்த அன்றே டிஸ்க் பராமரிப்பில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸ் தன் துவக்க நேரத்தைத் தானே அளந்து வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஈவென்ட் வியூவர் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்பார்மன்ஸ், ஆப்பரேஷனல் என வரிசையாகச் செல்லவும். அதில் 100 என்ற எண்ணுள்ள பதிவில் பூட் டியூரேஷன் மில்லி விநாடியில் இருக்கும். டிஸ்க்கைச் சுத்தம் செய்த நாளுக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் ஒப்பிட்டால், உண்மையிலேயே மெதுவாகி விட்டதா அல்லது நமக்குத்தான் பொறுமை குறைந்து விட்டதா என்று தெரிந்து விடும். 101 என்ற பதிவுகள் எந்த அப்ளிகேஷன் தாமதப்படுத்தியது என்று பெயரோடு சொல்லும். அப்படி ஒன்று சிக்கினால், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதிக்குச் சென்று அதை டிஸேபிள் செய்திடவும்.

பழைய எக்ஸ்பி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பழைய ஐடிஇ டிஸ்க்கில் படிப்பதில் தொடர்ந்து பிழைகள் வந்தால், எக்ஸ்பி அதைப் பாதுகாப்பு கருதி டிஎம்ஏ முறையிலிருந்து பிஐஓ முறைக்குத் தள்ளி விடும். விநாடிக்கு 100 எம்பி வரை போகக் கூடிய பாதை அதிகபட்சம் 16.6 எம்பி ஆகி விடும். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனல் பிராப்பர்ட்டீஸ் பார்த்து, பிஐஓ என்றிருந்தால் அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்திடவும். மீண்டும் பிஐஓ-வுக்கே திரும்பினால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரலிலேயே மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்தி விட்டதால், இந்த மெஷினை இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம்.

டிஸ்க்கை மாற்றுவது என்று முடிவு செய்து விட்டால், மீண்டும் ஹார்ட் டிஸ்க் வாங்காதீர்கள். 2011-ல் துவங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் உள்ள இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டலாம். நான்கு நிமிடம் என்பது ஒரு நிமிடத்துக்குள் வந்து விடும். அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்து விட்டது. படிப்புக்கும் பிரவுசிங்குக்கும் மட்டும் என்றால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்டி மாட்டிய பின் டிபிராக் சாப்ட்வேர் எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸில் உள்ள ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பகுதியே அது எஸ்எஸ்டி என்று அறிந்து அதற்குரிய டிரிம் வேலையைச் செய்து கொள்ளும். கழற்றிய பழைய டிஸ்க்கில் உங்கள் சான்றிதழ்களும் படங்களும் அப்படியே இருக்கும் என்பதால், அதைக் கடையிலேயே விட்டு விடாமல் கேட்டு வாங்கி வந்து விடுங்கள்.